மூன்றாம் மடுவமும் ஒரு சாம்பல் நிற வரியும்

1. ஒட்டாத சீட்டுகள்

மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள் அப்புத்தளையில் ஒட்டாது. கொழும்பில் எனக்கு அஜைல் என்ற மென்பொருள் வேலைமுறையில் பயிற்சி கொடுத்தவர்கள் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

முதல் நாள் காலை, அப்புத்தளைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸ் சுவரில் இருபத்தெட்டுச் சீட்டுகளை வரிசையாக ஒட்டினேன். மேலே "செய்ய வேண்டியது", "செய்துகொண்டிருப்பது", "முடிந்தது" என்று மூன்று தலைப்புகள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, எனக்கு நானே தலையாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் இருபத்தெட்டும் தரையில். மூடுபனி சன்னல் வழியாக வந்து சுவரை ஈரமாக்கிவிட்டுப் போயிருந்தது. ஆபீஸ் கூட்டுகிற அம்மா விளக்குமாற்றோடு நின்றுகொண்டு, "இதெல்லாம் வேணுமாங்க, இல்ல அள்ளிப் போட்டுறவா?" என்று கேட்டார்.

என்னோடு வேலை செய்கிற ரிஸ்னாவும் வந்திருந்தாள். வெளியே போய் ஒரு கயிறும் துணி காயப்போடுகிற கிளிப்புகளும் வாங்கி வந்தாள். சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, சீட்டுகளைக் குழந்தை உடுப்பு மாதிரி தொங்கவிட்டாள். அவை கடைசி வரை விழவில்லை.

அஜைல், டெவ்ஒப்ஸ் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். சுவரில் சீட்டு ஒட்டியவன் நான், கயிறு கட்டியவள் அவள் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். ஆனால் அந்த வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டபோது ஒருவருடைய வேலை போகப் பார்த்தது. அதனால் முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

நான் பதுளைக்காரன். இருபது வருடத்துக்கு மேலாக மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் கம்பனியின் மலைநாட்டுக் கிளை பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. வாரத்துக்கு இரண்டு பேராவது படியேறி வந்து என்னிடம் பெயின்ட் விலை கேட்பார்கள். பொது அறிவுக்காக நானும் விலையைத் தெரிந்து வைத்திருந்தேன். அந்தக் கிளையில் இருந்தது இரண்டே பேர். எழுதுவது நான். எழுதியதை சேர்வரிலும் போன்களிலும் ஓடவைத்து, விழாமல் பார்த்துக்கொள்வது ரிஸ்னா. அவள் பண்டாரவளையிலேயே பிறந்து வளர்ந்தவள்; வாப்பா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். கிளிப் எங்கே மலிவு என்று அவளுக்குத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

2. கொழுந்து ரெடி

தோட்டம் கேட்ட வேலை சின்னதுதான். அங்கே ஐந்து மடுவங்கள். பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து தராசில் நிறுக்கிற கொட்டகைக்குத்தான் மடுவம் என்று பெயர். ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுவை. நிறுத்த கொழுந்தைச் சாக்குகளில் கட்டி வைப்பார்கள். லாரி வந்து ஏற்றி ஃபெக்டரிக்குக் கொண்டுபோகும். லாரி பிந்தினால் சாக்குக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். சிவந்த கொழுந்தை ஃபெக்டரி எடுக்காது.

லாரி அதுவரை ஐந்து மடுவத்துக்கும் வரிசையாகப் போய், கொழுந்து தயாராகாத இடத்தில் சும்மா நின்றுவிட்டு வரும். ஆகவே மடுவத்துக்கு ஒரு போன் கொடுத்தோம். நிறுத்து முடிந்ததும் "கொழுந்து ரெடி" என்று ஒரு பொத்தானை அழுத்தினால், லாரி டிரைவரின் போனில் அந்த மடுவத்தின் வரி பச்சையாகும். அவர் ஏற்றிவிட்டு "ஏத்தியாச்சு" என்று அழுத்தினால் வரி சாம்பல் நிறமாகும். அடுத்த நிறுவைக்கு மறுபடி பச்சை. இவ்வளவுதான்.

மூன்றாம் மடுவத்தில் மட்டும் ஒரு சிக்கல். அது மலைக்குப் பின்பக்கம் இருந்தது, சிக்னல் கிடையாது. அங்கே அழுத்தினால் செய்தி போனுக்குள்ளேயே காத்துக்கிடக்கும், சிக்னல் வந்ததும் போகும். கால்மணி நேரம் மேலே ஏறினால் ஒரு பெரிய கல் இருக்கிறது, அதன்மேல் நின்றால் இரண்டு கோடு சிக்னல் வரும். நான் பாவனைக் குறிப்பில் ஒரு வரி எழுதினேன்: "மூன்றாம் மடுவம்: அழுத்திய பின் கல்லுக்குச் சென்று செய்தி போனதை உறுதிப்படுத்தவும்." அந்தக் கல்லை நான் பார்த்ததில்லை. அஜைல் கூட்டங்களை நடத்துகிற ஸ்கிரம் மாஸ்டர் மலையேற வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ரிஸ்னா ஐந்து மடுவத்துக்கும் நடந்தே போய் வந்தாள். வந்தவள் சொன்னாள்: "மூணாம் மடுவத்துல ஒரு பொம்பள கங்காணி இரிக்கிறாங்க. லெட்சுமின்னு பேரு. போன எங்களவிட நல்லா பாவிக்கிறாங்க."

லெட்சுமி பல வருடம் கொழுந்து பறித்தவர். அந்தப் பிரிவில் பெண்ணொருத்தியை, பறிப்பவர்களை மேற்பார்க்கிற கங்காணியாகப் போட்டது அதுதான் முதல் தடவை. தோட்டத்து மெனேஜரை இன்றும் அங்கே துரை என்றுதான் சொல்வார்கள். துரை, மூன்று மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். மூன்று மாதத்தில் ஏதாவது கோளாறு வந்தால் திரும்பவும் கூடையைத் தூக்க வேண்டியதுதான். மலைப்பக்கத்து வேலைகளுக்குப் பொறுப்பான கணக்கப்பிள்ளை அந்தக் கோளாறுக்காகக் காத்திருந்தார் என்று சொன்னால் பாவம். காத்திருக்கவில்லை என்று சொன்னால் பொய்.

3. நாற்காலி உள்ளவர்களின் கூட்டம்

அஜைல் முறையின் நல்ல குணம் எனக்கு இப்போதும் பிடிக்கும். ஆறு மாதம் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதிவிட்டு, கடைசியில் கொண்டுபோய்க் கொட்டுவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு. அதைப் பாவிக்கிறவரிடம் காட்டு, அவர் சொல்வதைக் கேள், மாற்று. தினமும் காலையில் நின்றபடி பத்து நிமிடம் பேசு. இந்தக் கடைசி விஷயத்தை நான் கணக்கப்பிள்ளைக்கு விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது பெரட்டுங்க, சேர். நாங்க வெடியக்காலையில பேர் குடுத்து வேல பிரிக்கிறது. அதப் படிக்கவா கொழும்புக்குப் போனீங்க?" என்றார்.

இரண்டு வாரத்துக்கொரு தடவை ஆபீஸில் கூட்டம் வைத்தோம். துரைக்கு நாற்காலி. கணக்கப்பிள்ளைக்கு நாற்காலி. எனக்கும் ரிஸ்னாவுக்கும் நாற்காலி. லாரி டிரைவர் மருதை கதவு நிலையில் சாய்ந்து நிற்பார். உட்காரச் சொன்னால் "பரவால்லீங்க" என்பார். கங்காணிமார் வரமாட்டார்கள். அவர்களைக் கூப்பிடுவது வழக்கமில்லை, எனக்கும் தோன்றவில்லை. பாவிக்கிறவரிடம் கேள் என்று புத்தகம் சொன்னது. நாற்காலியில் இருந்தவர்களிடம் நான் கேட்டேன்.

மூன்றாவது கூட்டத்தில் துரை கேட்டார்: "மருதை, இதுல ஒனக்கு என்ன கஷ்டம்? சும்மா சொல்லு."

"கஷ்டம் ஒண்ணும் இல்லீங்க தொரை."

"ஒண்ணுமே இல்லையா?"

மருதை என்னைப் பார்த்தார். நான் ஆவலாகப் பேனையைத் திறந்து வைத்திருந்தேன். பாவம், மனுசன் எனக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

"ஏத்துன மடுவமும் லிஸ்ட்டுல நிக்குதுங்க, சாம்பக் கலர்ல. அஞ்சு வரி எதுக்கு. அவ்வளவுதாங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. பாவனையாளர் தன் வாயால் சொன்ன குறை. வேலையும் அரை நாள்தான். ஏற்றி முடித்த மடுவத்தின் வரியை அடியோடு மறைத்துவிட வேண்டும். மறுபடி "ரெடி" வந்தால் மட்டும் காட்ட வேண்டும். சுத்தமான திரை. சீட்டு எழுதி நானே கயிற்றில் மாட்டினேன்.

4. புதன்கிழமை பகல்

ரிஸ்னாவிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருந்தது. மடிக்கணினி, சேர்வர், கிளவுட் என்று எல்லாம் இருக்கிற கம்பனியில், அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோடு போட்ட கொப்பியில் ஒவ்வொரு வெளியீட்டையும் எழுதி வைப்பாள். எத்தனை மணிக்குப் போட்டது, என்ன மாறியது, எங்கே சோதித்தது, யாருக்குச் சொன்னது, பழையதுக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும். ஐந்து கேள்விகள். நான் அதற்குக் குழந்தை வளர்ச்சி அட்டை என்று பெயர் வைத்திருந்தேன்.

"கரண்ட் போனா ஒங்கட கிளவுட்ட யாரு பாக்குற?" என்பாள். "கொப்பிய மெழுகுதிரி வெளிச்சத்துலயும் பாக்கலாம்."

இவள் செய்வதைத்தான் வெளியுலகம் டெவ்ஒப்ஸ் என்று சொல்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. அது ஏதோ மெஷின் விவகாரம், தானாகச் சோதித்துத் தானாக ஏற்றுகிற ஸ்கிரிப்ட் விவகாரம் என்று நினைத்திருந்தேன். அதுவும் உண்டு. ஆனால் அதற்கு அடியில் இருக்கிற எண்ணம் எளிமையானது: எழுதியவன் எழுதியதோடு வீட்டுக்குப் போகக் கூடாது, அது ஓடுகிற இடம் வரை கூடப் போய், ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சாம்பல் வரியை மறைத்த வெளியீடு தயாரான அன்று புதன்கிழமை. ரிஸ்னா தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக இரண்டு நாள் லீவு. போகும்போது கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டு, "நான் வார வரைக்கும் ஒண்ணும் போடாதீங்க. போட்டா இதுல எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் இரண்டாவது பகுதியை மட்டும் நான் கேட்டேன்.

தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்று இரண்டு போன்களில் சோதித்தேன். ஒன்றில் "ரெடி", மற்றதில் வரி பச்சை. "ஏத்தியாச்சு", வரி மறைந்தது. மறுபடி "ரெடி", வரி வந்தது. அருமை. காலை நிறுவை முடிந்து, பகல் நிறுவைக்கு முன்னால், பதினொன்று ஐந்துக்கு எல்லாப் போன்களுக்கும் அனுப்பினேன். பிறகு நல்ல பிள்ளையாகக் கொப்பியைத் திறந்து எழுதினேன்:

எங்கே சோதித்தது: ஆபீஸ் வாசலில். வெயில் நன்றாக இருந்தது.
யாருக்குச் சொன்னது: காகங்களுக்கு.
பழையதுக்குத் திரும்ப எவ்வளவு நேரம்: தேவைப்படாது.

ரிஸ்னா வந்து படித்தால் முறைப்பாள் என்று எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு, பஸ் ஏறிப் பண்டாரவளைக்குப் போனேன்.

அதன்பின் மலையில் நடந்ததை மறுநாள்தான் முழுதாகக் கேட்டறிந்தேன். பகல் நிறுவை பன்னிரண்டரைக்கு முடிந்தது. லெட்சுமி பொத்தானை அழுத்தினார். லாரி வரவில்லை. மறுபடி அழுத்தினார். ஒரு மணி, ஒன்றரை. லாரி எங்கேயாவது மக்கர் பண்ணி நிற்கும், அது புதிதில்லை என்று நினைத்தார். ஆனாலும் சாக்குகளைத் திறந்து, நிழலில் படங்கு விரித்துக் கொழுந்தைப் பரப்பச் சொன்னார். நிழல் சின்னது, கொழுந்து பெரிது. ஏழு சாக்குக் கொழுந்துக்கு நிழல் கிடைக்கவில்லை. மூன்று மணி நெருங்கியதும் தராசை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுக் கல்லுக்கு ஏறினார்.

மருதை அந்த நேரம் ஃபெக்டரி வாசலில், இன்றைக்குப் பகல் சுற்று சீக்கிரம் முடிந்தது என்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாராம். போன் ஒரு தடவை சத்தம் போட்டது. பிறகு இன்னொரு தடவை. பிறகு நிற்காமல். எடுத்துப் பார்த்தால், மூன்றாம் மடுவம், கொழுந்து ரெடி. அதே வரி பதினொரு தடவை.

5. ஏழு சாக்கு

சிவந்துபோன ஏழு சாக்கை ஃபெக்டரி எடுக்கவில்லை. மறுநாள் காலை ஆபீஸுக்கு வரச்சொல்லித் துரை சொல்லியனுப்பினார். லீவில் இருந்த ரிஸ்னா, விஷயம் கேள்விப்பட்டு நிச்சயதார்த்த வீட்டிலிருந்து மருதாணிக் கையோடு வந்துவிட்டாள். அப்புத்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொழும்பிலிருந்து எங்கள் பொஸ் என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், ஒண்ணும் யோசிக்காத. நெட்வொர்க் இஷ்யூன்னு சொல்லிரு. அங்க சிக்னல் இல்லதானே? பொய்யும் இல்ல."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. இந்தத் தொழிலில் நெட்வொர்க்குக்கு வாய் கிடையாது; நாங்கள் எல்லாரும் அதன்மேல் ஏற்றிவிட்டுத்தான் குடும்பம் நடத்துகிறோம்.

ஆபீஸில் அன்றைக்கு லெட்சுமி இருந்தார். அவரை நான் நேரில் பார்த்தது அப்போதுதான். நாற்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் பழைய ஸ்வெட்டர், கையில் எங்கள் போன், அது ஈரம் படாமல் ஒரு பொலித்தீன் உறைக்குள். மருதை வழக்கம்போலக் கதவு நிலையில்.

கணக்கப்பிள்ளை வாசித்துச் சொன்ன என் பாவனைக் குறிப்பைத் துரை கையில் வைத்திருந்தார். "லெட்சுமி, அழுத்தின பெறகு கல்லுக்குப் போகணும்னு இதுல இருக்கா இல்லையா?"

"இருக்குங்க."

"போனியா?"

"ஒடனே போகலீங்க. முப்பது பேரையும் தராசையும் வுட்டுட்டு எப்படிங்க போறது?"

கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "நான் மொதல்லயே சொன்னேங்க, தொரை. மடுவத்தப் பாக்கவும் வேணும், ஓடவும் வேணும். பொம்பளைங்களுக்கு இது செட்டாகாது. மூணு மாசம்னு வேற இழுத்துக்கிட்டு என்னத்துக்கு."

லெட்சுமி தரையைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தார். துரை குறிப்பை மடித்தார். மடித்த விதமே முடிவு மாதிரி இருந்தது.

"ஒங்க பக்கம் என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"சேர், நெட்வொர்க்..." என்று தொடங்கினேன்.

எனக்கு முந்திக்கொண்டு லெட்சுமி சொன்னார்: "ஆமாங்க தொரை. சேரு மேல குத்தம் இல்ல. அங்க டவரே இல்லீங்க. சேரு என்ன செய்வாரு, பாவம்."

இருபது வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஒருவர் விசைப்பலகையைத் தூக்கி எறிந்திருக்கிறார். எதுவும் இந்தப் "பாவம்" மாதிரி உறைத்ததில்லை. தன் வேலை போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் அந்த அம்மா எனக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

ரிஸ்னாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்த பையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். பண்டாரவளையில் பஸ் ஏறும்போதே கொப்பியை என்னிடம் கேட்டு வாங்கி அந்தப் பைக்குள் வைத்திருந்தாள்.

"ரிஸ்னா, கொப்பிய எடு," என்றேன்.

துரைக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. கொப்பியைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஃபெக்டரி லெட்ஜர் படிக்கிற குரலில் படித்தார்.

"புதன்கிழமை, பதினொண்ணு அஞ்சு. மாத்துனது, ஏத்துன மடுவத்த லிஸ்ட்டுலருந்து மறைக்கிறது. எங்க சோதிச்சது, ஆபீஸ் வாசல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "வெயில் நல்லா இருந்ததாங்க."

"யாருக்குச் சொன்னது?" என்று கேட்டார் துரை.

கணக்கப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "காகங்களுக்குன்னு எழுதியிருக்குங்க, தொரை."

வெளியே ஒரு காகம் கத்தியது என்று எழுத ஆசைதான். கத்தவில்லை.

"பதினொண்ணு அஞ்சுக்கு மாத்தினேன் சேர்," என்றேன். "யாரிட்டயும் சொல்லல்ல. மூணாம் மடுவத்துக்கு நான் போனதே இல்ல. அந்தக் கல்லுக்குப் போகச்சொல்லி எழுதினது நான். கல்ல நான் கண்ணால பாத்ததில்ல. இவங்க பதினொரு தடவ அழுத்தியிருக்காங்க. போன்ல நேரத்தோட இருக்கு."

துரை லெட்சுமியின் போனை வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு முப்பத்திரண்டு, பன்னிரண்டு நாற்பத்தேழு, ஒன்று பத்து என்று பதினொரு வரிகள். பிறகு மருதையிடம் திரும்பினார்.

"சிக்னல் எப்பவுமே இல்லதானே. அப்ப முந்தாநாள் வரைக்கும் நீ மூணாம் மடுவத்துக்கு எப்படி நேரத்துக்குப் போன?"

மருதை கதவு நிலையிலிருந்து நிமிர்ந்து நின்றார். "துணி பாத்துத்தாங்க."

"எந்தத் துணி?"

"லெட்சுமி ஒரு செவப்புத் துணிய மரத்துல கட்டும்ங்க. ரோட்டு வளைவுல நின்னா அந்தாண்ட மலையில தெரியும். தெரிஞ்சா கொழுந்து ரெடின்னு அர்த்தம்."

"இத ஏன் கூட்டத்துல சொல்லல்ல?"

"இம்புட்டுச் செலவழிச்சு போன் குடுத்திருக்கீங்க. அதுல போயி துணி பாத்துத்தான் போறேன்னு எப்படிங்க சொல்றது."

நான் கேட்டேன்: "நேத்தும் துணி கட்டியிருந்தாங்கதானே மருதண்ணே? ஏன் பாக்கல்ல?"

மருதை நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார். "போன எடுப்பேன், சேர். மூணுன்னு சாம்பலா நிக்கும். மூணப் பாத்ததும் துணி ஞாபகம் வரும். வளைவுல நிப்பாட்டிப் பாப்பேன். நேத்து மூணே இல்ல. எனக்கும் ஞாபகம் வரல."

நான் எழுதிய மென்பொருளில் மூன்றாம் மடுவத்துக்கு உண்மையாக வேலை செய்துகொண்டிருந்தது அந்தச் சாம்பல் வரி ஒன்றுதான். அதைத்தான் துப்புரவாக நீக்கியிருக்கிறேன்.

துரை கொப்பியை ரிஸ்னாவிடம் திருப்பிக் கொடுத்தார். ஏழு சாக்கு லெட்சுமியின் தலையில் விழவில்லை. மூன்று மாதம் முடியட்டும் என்றார். பிறகு துரை என்னிடம், "இனிமே இதுல என்ன மாத்துறதா இருந்தாலும் லெட்சுமி சரின்னு சொல்லணும். அதுக்குப் பெறகு மத்த மடுவம்" என்றார்.

வெளியே வந்ததும் ரிஸ்னா கேட்டாள்: "பழசு திரும்பி வருதுன்னு காகங்களுக்கு எப்ப சொல்லப்போறீங்க?"

6. பழையபடி

பிறகு செய்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இளையவர்களுக்குப் பயன்படும் என்று.

சாம்பல் வரி அன்றைக்கே திரும்பி வந்தது. கூட்டத்தை ஆபீஸிலிருந்து தூக்கி மூன்றாம் மடுவத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே நாற்காலி இல்லை, ஆகவே எல்லாரும் பேசினார்கள். நான் முதல் தடவை அந்த மலையேறியபோது வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். லெட்சுமி எனக்கு முன்னால் போனை ஒரு கையிலும் என் பையை மறுகையிலும் பிடித்துக்கொண்டு ஏறினார். வெளியீடுகளைச் சாயங்கால லாரி போனபிறகுதான் போடுவது என்று வைத்தோம். முதலில் மூன்றாம் மடுவத்தில் மட்டும் இரண்டு நாள் ஓடும்; பிறகுதான் மற்றவை. செய்தி போகாமல் காத்துக்கிடந்தால் பொத்தான் சிவப்பாகவே நிற்கும். கொப்பியின் ஐந்து கேள்விகளையும் ரிஸ்னா ஸ்கிரிப்டாக எழுதிவிட்டாள். விடை இல்லாமல் எதுவும் சேர்வரைத் தாண்டாது. "காகங்களுக்கு" என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளாதபடி தனியாக ஒரு வரியும் எழுதியிருக்கிறாள். சோதித்துப் பார்த்துவிட்டேன்.

முக்கியமானது இது: ஒவ்வொரு போனிலும் முந்தைய வெர்ஷனும் கூடவே இருக்கும். கீழே "பழையபடி" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் அந்த மடுவம் உடனே பழையதுக்குத் திரும்பும். சிக்னல் வேண்டாம், எங்களைக் கேட்க வேண்டாம். பொஸ்ஸுக்கு இது பிடிக்கவில்லை. "கஸ்டமர் கையில ரோல்பெக்கா?" என்று கேட்டார். ஓடுகிற இடத்தில் நிற்பவர் அவர்தானே என்றாள் ரிஸ்னா.

அஜைலா, டெவ்ஒப்ஸா என்று கேட்டால் நான் ஒன்றைத் தூக்கி மற்றதை இறக்க மாட்டேன். இரண்டு வாரத்துக்கொரு தடவை போய்க் கேட்டிராவிட்டால் எங்கள் செயலி யாருக்கும் வேண்டாத பொருளாகத்தான் இருந்திருக்கும். கேட்டதை வேகமாகச் செய்கிற பழக்கத்தை அஜைல் எனக்குக் கொடுத்தது. அந்த வேகத்தோடு நான் போய் முட்டிக்கொண்ட சுவர்தான் அந்தப் புதன்கிழமை. செய்தது போய்ச் சேர்ந்ததா, அங்கே என்ன ஆனது, கெட்டுப்போனால் எத்தனை நிமிடத்தில் திரும்பலாம் என்று கேட்கிற பழக்கம் இன்னொரு பள்ளிக்கூடத்துப் பாடம். நான் அதில் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து படித்தேன். அங்கே யாருடைய பிழை என்று கேட்பதைவிட, பிழை எந்த வழியால் உள்ளே வந்தது என்று கேட்பார்கள். இது எனக்கு ரொம்ப வசதி. பெரும்பாலும் அது என் வழியாகத்தான் வந்திருக்கும்.

மூன்று மாதம் முடிந்தது. லெட்சுமி கங்காணியாகவே இருந்தார். அதற்குப் பிறகுதான் என் வாழ்நாளின் மிக அழகான வெளியீட்டை எழுதினேன். திரையில் தோட்டத்தின் வரைபடம். அதில் ஒரு குட்டி லாரி வளைவு வளைவாக ஓடிவரும். சிக்னல் இல்லாத இடத்தில் பழைய வேகத்தை வைத்துத் தானே கணக்குப் போட்டு ஓடும். மடுவத்தை நெருங்கினால் ஹோர்ன் அடிக்கும். மூன்று ஸ்பிரின்ட், அதாவது ஆறு வாரம், அதற்கே போனது. மருதை பார்த்துவிட்டு, "என்னோட லாரியவிட இது நல்லா ஓடுதுங்க" என்றார். சாயங்கால லாரி போனபிறகு, மூன்றாம் மடுவத்துக்கு மட்டும், ஐந்து கேள்விக்கும் ஒழுங்கான விடையோடு போட்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம், லெட்சுமியின் போன் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும், சேர்வரின் லொக்கில் ஒரு வரி வந்து கிடந்தது. மூன்றாம் மடுவம்: பழையபடி. காலை நிறுவையின்போதே அழுத்தப்பட்டிருந்தது.

விடிந்ததும் மலையேறினேன். இப்போது ஒரே இடத்தில்தான் உட்கார்வேன். மடுவத்தில் நிறுவை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. மரத்தில் சிவப்புத் துணி புதிதாக இருந்தது, பழையது கிழிந்துவிட்டதாம். லெட்சுமி தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாங்க சேர், தண்ணி குடிங்க" என்றார்.

"புதுசுல என்ன பிழை, லெட்சுமிக்கா?"

"பிழை ஒண்ணுமில்லீங்க. லாரி படம் அழகாத்தான் ஓடுது. எல்லாரும் தராச வுட்டுட்டு அதப் பாத்துக்கிட்டு நிக்கிறாளுக. ஹோர்ன் அடிச்சா ஒரே சிரிப்பு. எடைய ரெண்டு தடவ தப்பாச் சொல்லிட்டேன். அதான் பழசுக்குப் போயிட்டேன்."

மூன்று ஸ்பிரின்ட். ஒரு பொத்தான். எனக்குள் இருந்த பழைய ஆள் எட்டிப் பார்த்தான்.

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டுட்டு அழுத்தியிருக்கலாமே."

லெட்சுமி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்கள கேக்கணும்னா கல்லுக்குல்ல ஏறணும், சேர்."

கூடையோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கி, ஆபீஸில் உட்கார்ந்து, ரிஸ்னாவின் கொப்பியை வாங்கி எழுதினேன்: குட்டி லாரி திரும்பப் பெறப்பட்டது. எங்கே சோதித்தது, மூன்றாம் மடுவம். யார் சொன்னது, லெட்சுமி கங்காணி. பழையதுக்குத் திரும்ப எவ்வளவு நேரம், என்னைக் கேட்காததால் ஒரு விநாடி.